திருச்செல்வம் தேர்ந்தெடுத்த விமானம்

உயிரே போனாலும் விமானத்தில் ஏறுவதில்லை என்று திருச்செல்வம் முடிவு செய்துவிட்டார். பயம் என்று வெளியே சொல்ல முடியுமா? மலேசியாவில், யோங் பெங் ஊர்ப் பலகைத் தொழிற்சாலையில் இருபது வருஷமாகப் பாதுகாப்பு மேற்பார்வையாளர் அவர். அதனால் தன் பயத்துக்கும் பாதுகாப்பு என்றே பேர் வைத்துவிட்டார்.

மகள் பிரவீனாவுக்குக் கோத்தா கினபாலுவில் தலைப்பிரசவம். கடலுக்கு அந்தப் பக்கம், பறந்துதான் போகவேண்டும். பிள்ளை பிறக்கும்போது அப்பாவும் பக்கத்தில் இருக்கவேண்டும் என்று அவள் போனில் அழுதாள். அன்றிலிருந்து அவர் மனைவி தேன்மொழிக்குச் சோறு இறங்கவில்லை.

தேன்மொழி ஒவ்வொரு கம்பெனியாகச் சொல்லிப் பார்த்தாள். ஒன்றில் விமானம் பழசு என்றார். புதுசு வைத்திருந்த கம்பெனியை, இன்னும் ஓட்டிப் பழகியிருக்கமாட்டார்கள் என்றார். விமானிக்குத் தூங்க எத்தனை மணி நேரம் கொடுக்கிறீர்கள் என்று இன்னொரு கம்பெனிக்கு எழுதிக் கேட்டார். பதில் வராததில் அவருக்கு வந்த சந்தோஷம் கல்யாணத்தன்றுகூட வந்ததில்லை.

கடைசியில் ஒன்றுதான் மிஞ்சியது. அதைப் பேஸ்புக்கில் ஜனங்கள் திட்டித் தீர்த்திருந்தார்கள். விமானத்தில் ஏதோ ஒரு சின்ன விளக்கு எரியவில்லை என்று செனாய் விமான நிலையத்தில் மூன்று மணி நேரம் உட்கார வைத்துவிட்டார்களாம். அதையும் தள்ளினார் திருச்செல்வம்.

தேன்மொழி அடுப்படிக்குப் போனாள். தே தாரிக் டீயை நுரை பொங்க ஆற்றிக் கொடுத்துவிட்டு, தொழிற்சாலைக் கதை கேட்க உட்கார்ந்தாள்.

“ஏங்க, மெஷின்ல சத்தம் லேசா வித்தியாசமா கேட்டா என்ன செய்வீங்க?”

“நிப்பாட்டிருவேன்.”

“மேனேஜர் கத்துவாரே?”

“கத்தட்டும் லா. போன வருஷம் அரை நாள் நிப்பாட்டுனேன். தெறந்து பார்த்தா பெல்ட்டு அறுந்து போற நிலைமை. திட்டு வாங்குறவன்தான் தேனு, உண்மையான சேஃப்டி ஆளு.”

“அப்ப அந்த வெளக்கு எரியலன்னு நிப்பாட்டுனவங்க?”

அவருக்குப் புரையேறியது. இருபது வருஷ மரியாதை ஒரு பக்கம், பயம் ஒரு பக்கம். மரியாதைதான் ஜெயித்தது.

“அவங்களும் சேஃப்டி ஆளுங்கதான்” என்றார். அப்புறம், மிச்சமிருந்த நம்பிக்கையோடு, இந்நேரம் சீட்டெல்லாம் முடிந்திருக்குமே என்று இழுத்தார்.

“செவ்வாக்கிழமையே போட்டுட்டேங்க. உங்களுக்கு அவசரக் கதவுப் பக்கத்துல. ஏதாச்சும் ஆச்சுன்னா நீங்கதான் தெறந்து எல்லாரையும் எறக்கி விடணுமாம். எங்க வீட்டுக்காரரு நல்லா செய்வாருன்னு சொல்லிட்டேன்.”

திருச்செல்வம் கிளாஸை மெல்லக் கீழே வைத்தார். அவள் முந்தானையால் அவர் நெற்றி வியர்வையைத் துடைத்துவிட்டாள்.

“பயமா இருந்தா என் கையப் புடிச்சுக்கலாம். பக்கத்து சீட்டு நான்தான்.”