ஹோல்டானும் இருபத்தெட்டு அடி வீடும்

ஸ்டீயரிங்கைத் தொடாமலேயே அமெரிக்காவில் அதிக வண்டிகளை ஓட்டியவர் யார் என்று போட்டி வைத்தால், இரண்டாம் பரிசுக்குத்தான் ஆள் தேட வேண்டியிருக்கும். முதல் பரிசு எங்கள் ஹோல்டானுக்கு.

தொண்ணூறுகளின் நடுவில் நாங்கள் சன்னிவேலில், எல் கமீனோ சாலையிலிருந்து இரண்டு தெரு தள்ளி ஓர் அபார்ட்மென்டில் குடியிருந்தோம். கீழ்த்தளத்தில் அவர் தனியாக இருந்தார். நாமக்கல்காரர். லாரிக் குடும்பம். பகலெல்லாம் ஏதோ சிப் வடிவமைக்கும் வேலை. அவருக்கு ஒரு முழுப்பெயர் இருந்திருக்க வேண்டும், இல்லாமலா விசா கொடுத்திருப்பார்கள்? ஆனால் எங்களில் யாருக்கும் அது தெரியாது. நம் ஊர் பஸ் கண்டக்டர்கள் வண்டியை நிறுத்துவதற்கு "ஹோல்டான்" என்று ஒரு குரல் கொடுப்பார்களே, அந்தக் குரலே அவருக்குப் பெயராகிவிட்டது.

எங்கள் வளாகத்தில் யாராவது காரை ரிவர்ஸ் கியரில் போட்டால் போதும், பின்னால் வெள்ளை விளக்கு எரிவதற்குள் ஹோல்டான் அங்கே நிற்பார். பல் துலக்கிக்கொண்டிருந்தால் பிரஷ்ஷோடு வருவார். காரின் முதுகில் இரண்டு தட்டு தட்டினால் வரலாம், ஒரு தட்டு என்றால் நிற்க வேண்டும். முதலில் எல்லோரும் பயந்தார்கள். மாடியில் இருந்த ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி, யாரோ தன் காரை அடிக்கிறான் என்று போலீசையே கூப்பிட்டுவிட்டார். போலீஸ்காரர் வந்தார், விசாரித்தார், தலையில் அடித்துக்கொள்ளாத குறையாகத் திரும்பினார். அவருடைய காரையும் ஹோல்டான்தான் பின்னால் நின்று குரல் கொடுத்து ரிவர்ஸ் எடுக்க வைத்து அனுப்பினார். ஆறு மாதத்தில் குப்பை லாரிக்காரர் இவர் வரும்வரை ஹார்ன் அடித்துக் காத்திருக்கும் அளவுக்கு நிலைமை முற்றிவிட்டது.

இத்தனைக்கும் அவரிடம் லைசென்ஸ் கிடையாது. மூன்று முறை டெஸ்டுக்குப் போய் மூன்று முறையும் ஒரே இடத்தில் தோற்றார். பரீட்சை வைக்கும் அதிகாரி, ரிவர்ஸ் எடுங்கள் என்றதும் இவர் கதவைத் திறந்து இறங்கிவிடுவார். "ஒரு நிமிசம் சார், பின்னாடி பாத்துட்டு வந்துர்றேனுங்க" என்று ஆங்கிலத்தில் சொல்லியிருக்கிறார். இறங்கிப் பார்க்காமல் வண்டியைப் பின்னால் விடுவது மகாபாவம் என்பது அவர் கட்சி. அதனால் ஆபீசுக்குச் சைக்கிள்தான். வெயிலோ மழையோ, யார் கூப்பிட்டாலும் காரில் ஏற மாட்டார். கஞ்சத்தனம் என்று நினைத்தேன். பெட்ரோல் என்னுடையது, கஞ்சத்தனம் எப்படி அவருடையது ஆகும் என்று யோசிக்கவில்லை.

இனி என் கதை. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்: எனக்கு ரிவர்ஸ் எடுக்க வராது. முப்பத்தைந்து வயதில் அமெரிக்காவுக்கு வந்து கார் கற்றவன் நான். என் டெஸ்டின்போது, ரிவர்ஸ் எடுக்க வேண்டிய கட்டத்தில் அந்த அதிகாரிக்குத் தொடர்ந்து தும்மல் வந்தது. அவர் கண்ணைத் திறந்தபோது வண்டி எப்படியோ சரியான இடத்தில் இருந்தது. அந்தத் தும்மல் கொடுத்த லைசென்சை வைத்துக்கொண்டுதான் எட்டு வருடம் ஓட்டினேன். முன்னால் போவதில் நான் சிங்கம். பின்னால் போக வேண்டும் என்றால் உள்ளங்கை வியர்த்து ஸ்டீயரிங் வழுக்கும். எந்தக் கடைக்குப் போனாலும் ஈ காக்கை இல்லாத கடைசி மூலையில், நுழைந்த வாக்கிலேயே வெளியேறும்படி நிறுத்துவேன். "நடந்தா உடம்புக்கு நல்லது" என்று மனைவி மாலதியிடம் சொல்வேன். ரிவர்ஸில்தான் வெளியே எடுக்க முடிகிற எங்கள் கார்போர்ட்டைப் பக்கத்து வீட்டுக்காரருக்கு விட்டுக்கொடுத்துவிட்டு நான் தெருவில் நிறுத்தினேன். தியாகி என்று வளாகத்தில் பேச்சு.

இப்படி ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்த வாழ்க்கையில் பாப் என்று ஒரு சக ஊழியர் குறுக்கிட்டார். ஓய்வு பெறப் போகிற வயது. சமையலறை, படுக்கை, கழிப்பறை எல்லாம் உள்ளேயே வைத்த ஆர்.வி. என்கிற வீட்டுவண்டியில் ஊர் சுற்றுகிறவர்களின் கிளப் ஒன்றில் அவர் உறுப்பினர். வருடத்துக்கு ஒரு முறை எல்லோரும் ஒரு மைதானத்தில் வண்டிகளை நிறுத்தி, மூன்று நாள் சேர்ந்து சமைத்து, சீட்டாடி, பாட்டுப் பாடுவார்களாம். ரேலி என்று பெயர். வாடகைக்கு ஒரு வண்டி எடுத்துக்கொண்டு விருந்தாளியாக வாயேன் என்றார். என் பெண் ப்ரியாவுக்குப் பன்னிரண்டு வயது, பையன் அருணுக்கு எட்டு. இந்தச் செய்தி அவர்கள் காதில் விழுந்த பிறகு, வேண்டாம் என்று சொல்லும் தைரியம் எனக்கு வரவில்லை. அதோடு பாப் முன்னால் வாய் சும்மா இருக்கவில்லை. மெட்ராசில் இதைவிடப் பெரிய வண்டியெல்லாம் ஓட்டியிருக்கிறேன் என்று ஒரு போடு போட்டேன். ஓட்டியது ஸ்கூட்டர்.

போட்டுவிட்டு வீட்டுக்கு வந்து கிளப்புக்கு ஃபோன் செய்தேன். ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் அப்படியே வெளியேறும் இடம் உண்டா என்று கேட்டேன். உண்டு என்றார்கள். நிச்சயம்தானா? நிச்சயம். மூன்றாவது முறையும் கேட்டு உறுதி செய்துகொண்டு நிம்மதியாகத் தூங்கினேன்.

கிளம்புவதற்கு முதல் நாள் மாலை ஹோல்டான் வாசலில் நின்றார். கையைக் கட்டிக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் சேர வந்த பிள்ளை மாதிரி.

"ஏனுங்க சார், அந்த வண்டியில எனக்கும் ஒரு இடம் இருக்குங்களா? போகோணும்னு ரொம்ப நாளா ஆசைங்க. ஒரு மூலையில உக்காந்துக்கறேனுங்க."

நான் மாலதியைப் பார்த்தேன். "பாவம், தனியா இருக்காரு. கூட்டிட்டுப் போலாங்க" என்றாள். எனக்கு இரக்கம் பொங்கியது. சரி, வாங்க என்று கையைக் காட்டினேன். அன்று இரவு என் பெருந்தன்மையை நினைத்து எனக்கே சற்றுப் பெருமையாக இருந்தது.

வண்டியை சான் ஹோசேயில் எடுத்தோம். இருபத்தெட்டு அடி நீளம். வாடகைக்குக் கொடுத்தவர் நல்ல தண்ணீர்த் தொட்டி, அழுக்குத் தண்ணீர்த் தொட்டி, அதைவிட மோசமான இன்னொரு தொட்டி என்று அரைமணி நேரம் விளக்கினார். நான் தலையாட்டினேன். மாலதி நோட்டில் எழுதிக்கொண்டாள். ஃப்ரீவேயில் ஏறித் தெற்கே திரும்பியதும் முப்பத்தைந்து மைல் வேகத்தில் கம்பீரமாகச் சென்றேன். பின்னால் ஒரு மைலுக்குக் கார்கள் ஊர்வலமாக வந்தன.

"டாட், எவ்ரிபடி இஸ் பாஸிங் அஸ். ஈவன் த டிராக்டர்" என்றாள் ப்ரியா.

முன் இருக்கையில் ஹோல்டான் ஒரு எலுமிச்சம்பழத்தை மூக்கருகே பிடித்துக்கொண்டு, கண்ணை மூடி, ஒரு வார்த்தை பேசாமல் உட்கார்ந்திருந்தார். நெற்றியில் வியர்வை. என் ஓட்டும் திறமையில் மனிதர் அசந்துபோய்விட்டார் என்று எடுத்துக்கொண்டேன். நாட்டுப்புறத்து மனிதர், இவ்வளவு பெரிய வண்டியைப் பார்த்து மிரண்டுவிட்டார் என்று மாலதியிடம் கிசுகிசுக்கவும் செய்தேன். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். பூண்டுக்குப் பேர்போன கில்ராய் ஊர் வந்ததும் அந்த வாசனை வண்டிக்குள் குபுகுபுவென்று ஏறியது. எனக்கு ரசம் ஞாபகம் வந்து பசித்தது. ஹோல்டான் எலுமிச்சம்பழத்தைக் கடித்தேவிட்டார்.

மைதானத்தின் வாசலில் மஞ்சள் கோட்டு அணிந்த ஒரு வயதான அம்மாள் எங்களை நிறுத்தி, சிரித்தபடி என் தலையில் கல்லைப் போட்டார். நான் கேட்டிருந்த இடத்தை, நீளமான டிரெய்லரோடு வந்த ஒருவருக்குக் கொடுத்துவிட்டார்களாம். நான் பெரிய வண்டிகளில் அனுபவசாலி என்று பாப் சொன்னாராம், அதனால் எனக்குக் கவலையில்லையாம். என் இடம் ஒரு ஓக் மரத்துக்கும் ஒரு பெரிய வண்டிக்கும் நடுவில் இருந்தது. அந்த வண்டி பஸ் அளவு, கண்ணாடி மாதிரி பளபளத்தது. அதன் சொந்தக்காரர் ஒரு மெல்லிய துணியால் அதைக் குழந்தைக்குத் துடைப்பதுபோல் துடைத்துக்கொண்டிருந்தார். அந்தச் சந்துக்குள் நான் பின்பக்கமாக நுழைய வேண்டும்.

இன்னொரு விஷயம் அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. புதிதாக வருகிறவர்கள் ரிவர்ஸ் எடுப்பதுதான் அந்த ரேலிகளின் மாலைக் காட்சி. ஆளுக்கொரு மடக்கு நாற்காலி, கையில் பானத்தோடு சுற்றிலும் முப்பது பேர் உட்கார்ந்துவிட்டார்கள். பாப் முதல் வரிசையில். மாலதியும் பிள்ளைகளும் இறங்கிப் போய் ஒரு ஓரமாக நின்றார்கள்.

எட்டு வருடம் கட்டிக் காத்த ரகசியம் அடுத்த ஐந்து நிமிடத்தில், பெற்ற பிள்ளைகள் முன்னால் உடையப்போகிறது. நெஞ்சுவலி வந்ததாகச் சொல்லலாமா என்று பார்த்தேன். ஹெலிகாப்டர் ஆம்புலன்ஸ் வந்துவிடுமே என்ற பயத்தில் விட்டேன். வண்டியை நடு மைதானத்திலேயே நிறுத்திவிட்டு, எங்கள் வழக்கப்படி வாசல் கிழக்கு பார்த்துத்தான் இருக்க வேண்டும் என்று வாதாடலாமா? இப்படியே நேராக ஓட்டிக்கொண்டு மெக்சிகோ போய்விட்டால் என்ன? ப்ரியா கண்ணாடியைத் தட்டி, "டாட், ஜஸ்ட் பேக் இட் அப். எவ்ரிபடி இஸ் வாச்சிங்" என்றாள். அந்தக் குரலில் இன்னும் கொஞ்சம் நம்பிக்கை மிச்சம் இருந்தது. அதுதான் என்னைக் கொன்றது.

ஹோல்டான் கண்ணைத் திறந்தார். இறங்கினார். தரையில் கால் பட்டதும் ஆளே மாறிவிட்டார். முகம் தெளிந்தது. அந்தச் சந்தின் நீளத்தை ஒரு முறை நடந்து அளந்தார், ஒரு கல்லைக் காலால் ஒதுக்கினார், மரக்கிளையை நிமிர்ந்து பார்த்தார். பிறகு என் ஜன்னலுக்குக் கீழே வந்து, எனக்கு மட்டும் கேட்கும் குரலில் சொன்னார்:

"கண்ணாடியப் பாக்காதீங்க சார். பின்னாடியும் பாக்காதீங்க. என்ற குரல மட்டும் கேளுங்க."

வரட்டும், வரட்டும் என்று பின்னாலிருந்து ஆரம்பித்தது அந்தக் குரல். ஒடிங்க, இன்னும் கொஞ்சம் ஒடிங்க, இப்ப நேர் பண்ணுங்க. நான் பொம்மை மாதிரி திருப்பினேன். பாதி தூரம் சரியாகத்தான் போனது. அங்கே என் மூளை விழித்துக்கொண்டு, அவர் ஒரு பக்கம் சொல்ல நான் மறுபக்கம் ஒடித்துவிட்டேன். கூட்டத்தில் "ஓ" என்று ஒரு முனகல். பளபள வண்டிக்காரர் துடைப்பதை நிறுத்திவிட்டுத் துணியை நெஞ்சில் வைத்துக்கொண்டார். வண்டியின் முதுகில் ஒரே ஒரு தட்டு. நின்றேன்.

பார்க்க வேண்டாம் என்று அவர் சொல்லியும் கண்ணாடியில் பார்த்துவிட்டேன். ஹோல்டான் இரண்டு வண்டிகளுக்கும் நடுவில், அந்தப் பளபளப்பில் முதுகைச் சாய்த்துக்கொண்டு நின்றிருந்தார். ஒன்றரை முழ இடைவெளி இருந்தால் அதிகம்.

"அங்கிருந்து வாங்க! நசுங்கிடுவீங்க" என்று கத்தினேன்.

"நான் இங்க நிக்கறனுங்க. என்னைத் தாண்டித்தான அதுல படோணும்? நீங்க பட விடமாட்டீங்க. வாங்க" என்றார், காப்பிக்குக் கூப்பிடுவதுபோல.

அதன் பிறகு நான் யோசிக்கவில்லை. அவர் சொன்னதை மட்டும் செய்தேன். என் உள்ளங்கை காய்ந்திருந்ததைக்கூடக் கவனிக்கவில்லை. மைதானம் அதிர "ஹோல்டான்" என்று ஒரு குரல் எழுந்தபோது, வண்டி நூல் பிடித்தாற்போல் நடுவில் நின்றது. முப்பது பேரும் எழுந்து கை தட்டினார்கள். நான் இறங்கியதும் அருண் என் காலைக் கட்டிக்கொண்டான். ஹோல்டானின் கையைக் குலுக்க வந்த பாப்பிடம், "நோ, நோ. சார் வெரி எக்ஸ்பர்ட். ஐ ஒன்லி சவுண்ட்" என்று சொல்லிவிட்டு அவர் மரத்தடிக்குப் போய்ப் படுத்துவிட்டார்.

மற்றதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். அன்று இரவு மாலதி குக்கரில் சாம்பாருக்குப் பருப்பு வைக்க, முதல் விசிலுக்கு மூன்று கிழவர்கள் தீயணைப்புக் கருவியோடு ஓடி வந்தார்கள். சாம்பார் சாப்பிட்டுவிட்டுத்தான் திரும்பினார்கள். ஞாயிற்றுக்கிழமை காலை கிளம்பும் நேரத்தில் ஹோல்டான் முன்னால் ஒரு வரிசையே நின்றது. நாற்பது வருடமாக ஓட்டுகிறவர்கள்கூட, அந்தக் குரலைக் கேட்டு ரிவர்ஸ் எடுக்க வேண்டும் என்று ஆசைப்பட்டார்கள். மஞ்சள் கோட்டு அம்மாள் தன் கோட்டைக் கழற்றி அவருக்கே மாட்டிவிட்டார்.

வண்டியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வீட்டில் சாப்பிடும்போது நான் ஆரம்பித்தேன். பாவம் ஹோல்டான், நான் மட்டும் கூட்டிப் போகாவிட்டால் அவருக்கு இதெல்லாம் எங்கே கிடைத்திருக்கும் என்று. மாலதி தோசையைத் திருப்பியபடியே சொன்னாள்:

"அவரை வரச் சொன்னதே நான்தாங்க."

பிய்த்த தோசையோடு நிமிர்ந்து பார்த்தேன்.

"எட்டு வருஷமா கடைக்கு அரை மைல் தள்ளி நிறுத்துறீங்க. பால் கேனைத் தூக்கிட்டுக் கூட நடக்கறவளுக்குத் தெரியாதா? ஃபோன்ல மூணு தடவை கேட்டப்பவே நினைச்சேன். அவருகிட்ட போய் விஷயத்தைச் சொன்னேன். அவருக்கு வண்டி ஆகாதாம். ஏறினாலே வாந்தி வருமாம். சின்ன வயசுல அவங்கப்பா லாரியில உக்காரவே முடியலையாம், அதனாலதான் கீழ நின்னு சவுண்டு குடுத்தே பழகினாராம். இருந்தாலும் வர்றேன்னாரு. ஒரே ஒரு கண்டிஷன்தான். நீங்க கூப்பிட்டதா சாருக்குத் தெரிய வேண்டாங்க அக்கா, நானே கெஞ்சி வர்றதா இருக்கட்டும்னாரு."

தோசையைப் பாதியில் விட்டு எழுந்தேன். கையைக் கழுவிவிட்டுக் கீழே போனேன். நன்றி சொல்லிவிடுவது என்று படிக்கட்டில் இரண்டு முறை ஒத்திகைகூடப் பார்த்தேன். ஹோல்டான் கதவைத் திறந்தார். வண்டியை விட்டு இறங்கி இவ்வளவு நேரமாகியும் முகம் வெளிறித்தான் இருந்தது. நான் தொண்டையைச் செருமுவதற்குள் அவர் முந்திக்கொண்டார்.

"நானே வரோணும்னு இருந்தேனுங்க சார். கூட்டிட்டுப் போனதுக்கு ரொம்ப நன்றிங்க. இந்த ஊருல என்னைய யாரு கூப்பிடறாங்க?"

நான் அவர் முகத்தையே பார்த்தேன். கண்ணில் ஒரு துளி கள்ளம் தெரிந்தால் ஒப்புக்கொண்டுவிடலாம் என்று தேடினேன். கிடைக்கவில்லை. பரவாயில்லைங்க, அதனாலென்ன என்று பெரிய மனிதன்போல் சொல்லிவைத்தேன்.

"அடுத்த வருசமும் மறந்துராம என்னையும் கூட்டிட்டுப் போகோணுங்க" என்றார் ஹோல்டான். அதைச் சொல்லும்போதே அவருடைய இடது கை தானாகப் போய் வயிற்றைப் பிடித்துக்கொண்டது.