பேர்கண்டியில் போட்ட சுண்ணாம்பு

எனக்கு ருசி தெரியாது. என் மனைவி மனோன்மணியைக் கேட்டால் சத்தியம் பண்ணுவாள். உப்பே போடாத குழம்பை இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, திருப்தியாகக் கை கழுவிய ஆள் நான். இந்த நாக்கிடம் போய் ஒரு வெள்ளைக்காரத் துரை, பிரான்ஸ் தேசத்துச் சிவப்பு வைனின் குணம் கேட்டார். அவரைச் சொல்ல வேண்டும்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் யாழ்ப்பாணப் பட்டினத்துக் கந்தோர் ஒன்றில் நான் இளம் கிளாக்கர். வேட்டி, கோட்டு, தலைப்பாகை (தலைக்குள் ஒன்றும் இல்லாவிட்டாலும் மேலே ஏதாவது இருக்க வேண்டுமே). தலைமைக் கிளாக்கர் உரும்பிராய் வைத்திலிங்கத்தார். நெற்றி நிறையத் திருநீறும் வாய் நிறைய வெற்றிலையுமாக இருப்பார். அவருடைய மகள்தான் மனோன்மணி. எனக்குப் பேசியிருந்தார்கள். சாதகம் பொருந்திய பிறகு அவர் என்னைத் தனியே கூப்பிட்டார்.

"தம்பி பாவிக்கிறதோ?"

எங்கள் பக்கத்தில் இப்படிக் கேட்டால் குடிக்கிறதோ என்று அர்த்தம். நல்லூர் முருகன் மேல் சத்தியமாக இல்லை என்றேன். உண்மையும் அதுதான். ஒரு சொட்டு என்றாலும் சம்பந்தம் இல்லை என்று சொல்லிவிட்டார். மனோன்மணியை நான் கோயிலில் பார்த்திருந்தேன். பார்த்த நாளிலிருந்து நித்திரை இல்லை. அவள் கிடைக்காவிட்டால் செத்துப்போவேன் என்றே நம்பினேன்.

மாசி மாதத்தில் ஒரு சனிக்கிழமை எங்கள் கந்தோர்த் துரை வைத்திலிங்கத்தாரையும் என்னையும் பங்களாவுக்குச் சாப்பிடக் கூப்பிட்டார். ஏன் கூப்பிட்டார் என்று இன்றைக்கும் விளங்கவில்லை. பாவம், பேச்சுத் துணைக்கு ஆள் இல்லைப் போலும். மேசையில் ஒரு போத்தல் இருந்தது. பேர்கண்டி என்ற ஊரிலிருந்து கப்பலில் வந்ததாம். மூன்று கிளாசில் ஊற்றினார். நான் வைத்திலிங்கத்தாரைப் பார்த்தேன், அவர் கூரையைப் பார்த்தார். என்னைச் சோதிக்கத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன்.

துரை கண்ணை மூடிக்கொண்டு கிளாசை மூக்கடியில் வைத்து மணந்து பார்த்தார். இதில் செர்ரிப் பழம் இருக்கிறது, காளான் இருக்கிறது, மழை பெய்த மண் இருக்கிறது, பழைய தோல் இருக்கிறது என்றார். எனக்குத் தலை சுற்றியது. செர்ரியை நான் கண்டதில்லை. மழை பெய்த மண் எங்கள் தோட்டத்தில் வேண்டிய மட்டும் கிடக்கிறது, அதை ஏன் காசு கொடுத்துக் குடிக்க வேண்டும்? தோல் என்றால் காலில் போடுகிற சப்பாத்துத் தோலா? (சைவக்காரன் என்ன செய்வான்?) அந்த ஊர் மலைச்சரிவும் உங்கள் குடாநாடு மாதிரிச் சுண்ணாம்புக்கல் நிலந்தான், அதனால்தான் இந்த ருசி என்று சொல்லிவிட்டு, தேசப்படம் எடுத்துவர உள்ளே போனார். வந்ததும் இங்கிலாந்து ராசாவின் சுகத்துக்கு என்று சொல்லி எல்லாரும் குடிக்க வேண்டுமாம்.

சுண்ணாம்பு! அந்தச் சொல்தான் என்னைக் கெடுத்தது. பனையில் கட்டுகிற முட்டிக்குள் சுண்ணாம்பு தடவினால் இறங்குவது கருப்பணி, குழந்தையும் குடிக்கலாம். தடவாவிட்டால் கள்ளு. அப்படியானால் இதற்குள்ளும் கொஞ்சம் சுண்ணாம்பு போட்டால் பாவம் தீர்ந்ததுதானே? புளித்து முடிந்த பிறகு போட்டுப் பயனில்லை என்று யோசிக்கிற மூளை அன்று கோட்டுக்குள் இருக்கவில்லை, வெற்றிலைக்கு வைத்திருந்த சுண்ணாம்பு டப்பிதான் இருந்தது.

அந்த நேரம் பார்த்து வைத்திலிங்கத்தாரே வழி விட்டார்.

"தம்பி, உதிலை சன்னலடிக்குப் போய்ப் பாரும், மழை வருதோ எண்டு."

மாசியில் என்ன மழை என்று நான் கேட்கவில்லை. கிளாசையும் கொண்டு போய், முதுகைக் காட்டி நின்று, விரலால் ஒரு பெரிய உருண்டை எடுத்துப் போட்டுக் கலக்கினேன். சிவப்பு ஊதாவாகியது. ஊதா நீலமாகியது. பிறகு கந்தோர் மைக்கூட்டில் இருக்கிற அதே கறுப்பு நீலம். மேசைக்குத் திரும்பினேன்.

வைத்திலிங்கத்தாரின் கிளாசும் நீலமாக இருந்தது.

அவர் என் கிளாசைப் பார்த்தார். நான் அவருடையதைப் பார்த்தேன். துரை தேசப்படத்தோடு வந்து தன்னுடைய சிவப்பையும் எங்கள் நீலத்தையும் மாறி மாறிப் பார்த்து, போத்தலைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார். கிளாஸ் கழுவிய கிணற்றுத் தண்ணீரில் சுண்ணாம்பு கூடுதல் என்று வைத்திலிங்கத்தார் நல்ல இங்கிலீசில் விளக்கினார். தன்னுடையதும் அதே தண்ணீரில் கழுவியதுதானே என்று துரை கேட்டார். அது சீமைக் கிளாஸ், சேர் என்று நான் உளறினேன். மூன்றும் ஒரே சீமைக் கிளாஸ்.

ராசாவின் சுகத்தை மறுத்தால் வேலை போய்விடும். கண்ணை மூடிக்கொண்டு இருவரும் விழுங்கினோம். செர்ரியும் இல்லை, காளானும் இல்லை. தோல் மட்டும் இருந்தது, என் நாக்கிலிருந்து கழன்ற தோல். என்ன ருசி என்று துரை ஆவலோடு கேட்டார்.

"சுண்ணாம்புக்கல், சேர்."

துரை எழுந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

திரும்பும்போது வைத்திலிங்கத்தார் உரும்பிராய்ச் சந்தி வரை முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டே வந்தார். சம்பந்தம் போய்விட்டது என்று எனக்கு அழுகை வந்தது. சந்தியில் நின்றார்.

"வெள்ளிக்கிழமை அம்மாவைக் கூட்டிக்கொண்டு வீட்டை வாரும். நாள் குறிப்பம்."

"ஐயா, இண்டைக்கு நடந்தது..."

"அதுக்குத்தான் சொல்லுறன். விசயம் வீட்டுக்குள்ளை இருக்கட்டும்."

வெள்ளிக்கிழமை போனோம். பெண்கள் கதைக்கத் தொடங்கினார்கள். பிள்ளைக்குச் சனிக்கிழமை நாக்கு ஒரே நீலம், நாவற்பழம் தின்றானாம் என்று என் அம்மா சொன்னா. எங்கடை இவரும் அண்டைக்கு அதைத்தான் சொன்னவர் என்றா மாமி. பிறகு இருவரும் ஒன்றாகத் திரும்பி எங்களைப் பார்த்தார்கள். நாவல் பழுப்பது ஆவணியில். உள் அறையிலிருந்து மனோன்மணி சிரித்த சத்தம் கேட்டது. நான் கேட்ட அவளுடைய முதற் குரல் அதுதான்.

மாமா போய்ச் சேர்ந்துவிட்டார். அந்த விசயம் மட்டும் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. இன்றைக்கும் நான் நேரம் பிந்தி வந்தால் மனோன்மணி கதவைத் திறக்க முதல் கேட்பாள்.

"நாவற்பழம் திண்டிட்டு வாறியளோ?"

நான் நாக்கை நீட்டிக் காட்டிய பிறகுதான் கதவு திறக்கும்.