தனுஷ்கோடியும் காஸ்மிக் கதிரும்

மகள் படித்த படிப்புக்குத் தாங்களே பட்டம் சூட்டிக்கொள்ளும் தகப்பன்மார் என்றோர் இனம் உண்டு. பேச்சு மழையில் தொடங்கினாலும் சரி, மாட்டு விலையில் தொடங்கினாலும் சரி, டீ ஆறுவதற்குள் "எம் பொண்ணு என்ன சொல்லுதான்னா" என்று வந்து நிற்பார்கள். நீங்கள் பார்க்காதவர்களா?

சேத்தூர் தனுஷ்கோடி இந்த இனத்தில் முதல் ரகம். மகள் மாரீஸ்வரி பெங்களூரில் ஆராய்ச்சி செய்கிறாள். சூரியக் குடும்பத்துக்கு வெளியே எங்கிருந்தோ வந்து விழும் காஸ்மிக் கதிர், சூரியனுக்கு அருகே எவ்வளவு, தள்ளிப்போனால் எவ்வளவு என்று புதன் பக்கமும் பூமிப் பக்கமும் செவ்வாய்ப் பக்கமும் சுற்றுகிற விண்கலங்கள் அளந்து அனுப்புவதை ஒப்பிட்டுப் பார்ப்பது அவள் வேலை. அவ்வளவுதான். மிச்ச வேலையை அப்பா பார்த்தார். தோசை மாவு புளிக்கவில்லையா? கதிர். ராஜபாளையம் பஸ் நிற்காமல் போய்விட்டதா? டிரைவர் மூளையில் கதிர். தனக்கு முட்டி வலித்தால் மட்டும் செவ்வாய்க் கதிர். அது கொஞ்சம் உசத்தி.

இதனால் யாருக்கும் கெடுதல் இல்லை, மச்சினன் மகள் இந்துவுக்கு நிச்சயதார்த்தம் வரும்வரை.

முதல்நாள் மாரீஸ்வரி போனில், "சூரியன்ல பெரிய புயல்ப்பா. நாளைக்கு எங்க கணக்குல..." என்று ஆரம்பித்தாள். தனுஷ்கோடி போனை வைத்துவிட்டார். பரப்புவதற்குச் செய்தி கிடைத்தபிறகு முழுசாகக் கேட்டுக்கொண்டா இருப்பார்கள்?

மறுநாள் ஸ்ரீவில்லிபுத்தூர் மண்டபத்தில் மாப்பிள்ளையின் அப்பா பாண்டிதுரை தட்டை நீட்ட, இந்துவின் அப்பா கருத்தையா கை நீட்ட, எழுந்தார் தனுஷ்கோடி.

"நிறுத்துங்க! இன்னைக்குக் கதிர் கொட்டுது. நல்ல காரியம் ஆகாது!"

பாண்டிதுரைக்கு முகம் சிவந்தது. "பொண்ணு தர இஷ்டமில்லைன்னா நேரா சொல்லுங்க. கதிரு, குதிருன்னு எதுக்கு?" என்று தட்டோடு வாசலைப் பார்த்து நடந்தார்.

"அத்தான், எம் மக வாழ்க்கைய்யா!" என்று கருத்தையா கும்பிட்டார். தனுஷ்கோடி மச்சினனைப் பார்த்தார், வாசலைப் பார்த்தார். ஆனால் விஞ்ஞானி பின்வாங்கலாமா?

இந்து அழவில்லை. பட்டுச்சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு போனை எடுத்தாள். மாரீஸ்வரியை அழைத்து ஸ்பீக்கரில் போட்டாள்.

"மதினி, இன்னைக்குக் கதிர் எம்புட்டு?"

"ரொம்பக் கம்மி இந்து! புயல் கடந்து போகையில வெளியில இருந்து வார கதிரைத் தள்ளி விட்டுரும்லா. இந்த வருசத்துலயே இன்னைக்குத்தான் கம்மி. அப்பா சொல்லலையா?"

மண்டபமே அவரைத் திரும்பிப் பார்த்தது. தனுஷ்கோடி துண்டை உதறித் தோளில் போட்டார்.

"பார்த்தீகளா? இப்படியொரு நேரம் வாய்க்குமா? சீக்கிரம் தட்டை மாத்துங்கன்னு சொல்லத்தானே எந்திரிச்சேன்!"

சிரிப்பு அடங்கவே வெகு நேரமாயிற்று. பாண்டிதுரையும் சிரித்துவிட்டார், தட்டு மாறியது.

பந்தியில் பாண்டிதுரை பக்கத்து இலைக்காரரிடம் குரலைத் தாழ்த்தி, "எங்க சம்பந்தி வீட்டுப் பொண்ணு என்ன சொல்லுதான்னா..." என்று தொடங்கியதைத் தனுஷ்கோடியே தன் காதால் கேட்டார்.

இது தொற்றும் ஐயா. நீங்கள்கூட இதை முழுசாகப் படித்தீர்களா, அல்லது "புயல் வந்தால் கதிர் குறையும்" என்ற இடத்திலேயே யாரிடம் சொல்லலாம் என்று யோசிக்க ஆரம்பித்துவிட்டீர்களா?