கிளம்பினால் நிற்காது, நின்றால் கிளம்பாது

மோட்டார் சைக்கிள் வாங்கியவர்கள் இந்த உலகத்தில் எத்தனையோ பேர். ஆனால் அதன்மேல் உட்கார்ந்து போன தூரத்தைவிட அதைத் தள்ளிக்கொண்டு போன தூரம்தான் அதிகம் என்ற பெருமை எங்கள் சந்தேகம் அண்ணாச்சி ஒருவருக்குத்தான் உண்டு. மறுக்க நினைப்பவர்கள், ஐம்பதுகளின் கடைசியில் தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் நடுவே குடியிருந்த யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பார்க்கலாம்.

தென்காசியில் நான் குமாஸ்தாவாகச் சேர்ந்த ஆபீசில் அவர் எனக்கு மேலே இருந்தவர். “எனக்கு ஒரு சந்தேகம்” என்று ஆரம்பிக்காமல் அவரால் வாயைத் திறக்க முடியாது. அதனால் வந்த பெயர் அது. சொந்தப் பெயர் சம்பளம் வாங்கும் அன்றைக்கு மட்டும் காதில் விழும். விழுந்தாலும் யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று அவரும் சும்மா இருப்பார்.

ஒரு சீசனில் ஆபீஸ்காரர்கள் எல்லோரும் பேரருவிக்குக் குளிக்கப் போனோம். எண்ணெய் தேய்த்துக்கொண்டு, தண்ணீருக்குள் தலையைக் கொடுத்து, வாயைப் பிளந்து “ஆகா” என்று நிற்கிறோம். பக்கத்திலிருந்து குரல் வந்தது:

“ஏலே, எனக்கு ஒரு சந்தேகம். இதுக்கு மேல அங்கன யாரும் குளிச்சிக்கிட்டு இருக்க மாட்டாங்களே?”

மேலே செண்பகாதேவி அருவி என்று ஒன்று இருப்பது அப்போதுதான் எல்லோருக்கும் ஞாபகம் வந்தது. அன்றைக்கு வாயை மூடிக்கொண்டவர்கள்தான். அப்புறம் ஒருவரும் அருவியில் “ஆகா” சொன்னதில்லை.

கல்யாணத்திலும் இதே கதை. தாலியைக் கையில் வாங்கிக்கொண்டு மாப்பிள்ளைத் தோழனிடம், “எனக்கு ஒரு சந்தேகம். அன்னைக்குப் பார்த்த பொண்ணு இதுதானே?” என்று கேட்டாராம். மெல்லத்தான் கேட்டார். ஆனால் நாதஸ்வரக்காரர் அந்த நேரம் பார்த்து மூச்சு வாங்க நிறுத்திவிட்டார். அந்தப் பொண்ணுதான் எங்கள் மதினி. வாசுதேவநல்லூர்க்காரி. தலை குனிந்திருந்த மணப்பெண் நிமிர்ந்து பார்த்த பார்வையைப் பற்றி அந்த ஊரில் வெகுநாள் பேசினார்கள்.

இப்படிப்பட்ட மனிதர், ஒரு மோட்டார் சைக்கிளை மட்டும் ஒரு சந்தேகமும் கேட்காமல் வாங்கிக்கொண்டு வந்தார்.

செங்கோட்டைக்கு மேலே மலையில் எஸ்டேட் வைத்திருந்த ஒரு துரை சீமைக்குக் கப்பலேறியபோது விட்டுப்போன வண்டி. யுத்தத்தில் பட்டாளத்துக்காரர்கள் ஓட்டியதாம். பச்சைப் பெயிண்ட் உரிந்து, ஆட்டுரல் மாதிரி ஒரு எஞ்சினை வயிற்றில் கட்டிக்கொண்டு நின்றது. கைப்பிடியில் நண்டுக் கால்கள் போல வலது பக்கமும் இடது பக்கமும் சின்னச் சின்னப் பிடிகள். ஒன்று காற்றுக்கு, ஒன்று நெருப்புப் பொறிக்கு, மற்றது எதற்கு என்று துரைக்கே தெரியாது போலிருக்கிறது. எஸ்டேட் டிரைவர் ஒருவர் எல்லாவற்றையும் தொட்டுத் தொட்டு மலையாளத்தில் விளக்கியிருக்கிறார். அண்ணாச்சியும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டு, வண்டியை ஒரு லாரியில் ஏற்றித் தென்காசிக்குக் கொண்டுவந்துவிட்டார்.

மறுநாள் காலை தெருவே கூடி நிற்க, அண்ணாச்சி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கிக்கரை உதைத்தார். வண்டி சும்மா இருந்தது. மறுபடி உதைத்தார். இப்போது வண்டி திருப்பி உதைத்தது. எதிர்வீட்டுக் கோலத்தின்மேல் போய் விழுந்தார். ஆபீசுக்கு நொண்டிக்கொண்டு வந்தவரைப் பார்த்து அதிகாரி பதறிப்போய், “யாருய்யா உம்மை அடிச்சது?” என்று கேட்டார்.

“வண்டி சார்.”

“எந்த வண்டி மோதுச்சு?”

“மோதல சார். நின்ன எடத்துலயே நின்னு அடிச்சிது.”

அதிகாரி விளக்கம் கேட்டு என் பக்கம் திரும்பினார். எனக்கும் ஒன்றும் புரியவில்லை.

அதன்பிறகு ஊரில் ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். அரிசி மில்லில் எஞ்சின் ஓட்டுகிறவர் வந்து, “காத்து கூடிப்போச்சு, அடையும்” என்றார். சினிமாக் கொட்டகை ஆபரேட்டர், “காத்து பத்தல, தொறந்து விடும்” என்றார். அண்ணாச்சி பாதி அடைத்து வைத்தார். பிளக்கைக் கழற்றி அடுப்பில் காட்டினால் நல்லது என்று ஒருவர் சொல்ல, மதினி தோசை வார்க்கிற அடுப்பில் ஒரு ஓரமாகப் பிளக்கும் வெந்தது.

கடைசியில் ஒன்று மட்டும் தெரிந்தது. உதைத்தால் கிளம்பாத வண்டி, சரிவில் உருட்டிவிட்டால் கிளம்புகிறது! தென்காசியில் அவர் மனதுக்குப் பிடித்த சரிவு இல்லை. ஐந்தருவிச் சாலையில் ஒரு இறக்கம் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அண்ணாச்சி முன்னால் பிடித்துக்கொள்ள, நான் பின்னால் தள்ள, சாரலில் நனைந்தபடி குற்றாலத்துக்கு வண்டியை நடத்திக் கூட்டிப்போவோம். இறக்கத்தில் அது “டப டப” என்று உயிர் பெறும். ஏறி வீட்டுக்கு வந்து நிறுத்துவார். அவ்வளவுதான். அடுத்த ஞாயிறு மறுபடி குற்றாலம்.

“அண்ணாச்சி, போறதுக்குத் தள்ளிட்டுப் போறோம், வாரதுக்கு மட்டும் வண்டியா?”

“எனக்கும் அதே சந்தேகந்தாம்லே. தள்ளு.”

இதையெல்லாம் மதினி பொறுத்துக்கொண்டிருந்தாள். ஆனால் ஒருநாள் பெட்ரோலில் தூசி இருக்கிறது என்று யாரோ சொன்னார்கள். அண்ணாச்சி அடுக்களைக்குள் போய்க் காப்பி வடிகட்டியை எடுத்துவந்து பெட்ரோலை வடிகட்டினார். வடிகட்டியைக் கழுவி இருந்த இடத்திலேயே வைத்துவிட்டார். மறுநாள் காலைக் காப்பியை வாயில் வைத்த மதினி, மத்தியான பஸ்ஸில் வாசுதேவநல்லூருக்குப் போய்விட்டாள்.

ஒரு வாரம் கழித்து அண்ணாச்சி கூப்பிடப் போனார். துணைக்கு நானும். மதினி வாசலில் நின்றே பேசினாள்.

“எதுல வந்திய?”

“பஸ்ஸுல.”

“அந்த வண்டிக்காகத்தான என் வடிகட்டிய எடுத்திய? அது ஓடுதுன்னா அதுலயே வந்து கூப்பிடுங்க. பஸ்ஸுல வந்தா நான் வரமாட்டேன்.”

அடுத்த பஸ்ஸில் அண்ணாச்சியும் நானும் திரும்பினோம். அதற்கப்புறம் வந்த நாட்களில் ஆபீசில் அவர் ஒரு சந்தேகமும் கேட்கவில்லை. பைல்களெல்லாம் மளமளவென்று நகர்ந்தன. அதிகாரியே கவலைப்பட்டு, “அவருக்கு உடம்புக்கு என்னய்யா?” என்று என்னிடம் விசாரித்தார்.

ஞாயிறு வந்தது. விடிந்ததும் குற்றாலத்துக்குத் தள்ளினோம். இறக்கத்தில் கிளம்பியது. அண்ணாச்சி பின்னால் திரும்பாமலே கத்தினார்: “ஏறிக்கோலே! இனிமே வாசுதேவநல்லூர்லதான் நிக்கணும். வேகம் குறைஞ்சா இருமும், இருமிக்கிட்டே செத்துப்போவும்!”

தென்காசியை நிற்காமல் தாண்டினோம். கடையநல்லூர்ப் பக்கம் ரயில்வே கேட் அடைத்திருந்தது. அண்ணாச்சி நிற்கவில்லை. கேட்டுக்கு முன்னால், மாட்டு வண்டிகளுக்கு இடையில், வட்டம் போட ஆரம்பித்தார். சைக்கிளில் துணி மூட்டை கட்டி நின்ற ஒரு பாய் பயந்துபோய் ஒதுங்கினார்.

“நிப்பாட்டும்வே! என்னத்துக்கு இப்படிச் சுத்துதீரு?”

“நிப்பாட்டினா கெளம்பாது பாய்!”

பாய் என்னைப் பார்த்தார். நான் தலையை ஆட்டினேன். அவர் மூட்டையைச் சரிசெய்துகொண்டு, மாட்டு வண்டிக்காரர்களையெல்லாம் ஓரமாகத் தள்ளி நிற்கச் சொல்லி, எங்களுக்கு இன்னும் பெரிய வட்டத்துக்கு இடம் பண்ணிக் கொடுத்தார். ரயில் போகும்வரை சுற்றினோம்.

வாசுதேவநல்லூர் வந்தது. மாமனார் வீடு வந்தது. வீட்டையும் தாண்டிப் போனோம்.

“அண்ணாச்சி, வீடு!”

“தெரியும்லே. நிப்பாட்டிட்டு, அவ வரேன்னு சொன்ன பொறவு கெளம்பலன்னா? சொல்லட்டும், அப்புறம் நிப்பாட்டலாம்.”

தெருவைச் சுற்றிக்கொண்டு திரும்பினோம். சத்தத்துக்கு மாமனார் வெளியே வந்திருந்தார். நான் கும்பிட்டேன். கடந்துபோனோம். அடுத்த சுற்றில் அவர் கையில் டம்ளர் இருந்தது. “மாப்ள, காப்பி!” என்றார். “பொறவு மாமா!” என்று அண்ணாச்சி பறந்தார். நான் மறுபடி கும்பிட்டேன். அதற்கடுத்த சுற்றில் மதினி வாசலில்.

“ஏட்டி, வந்துட்டேன்!” போய்விட்டோம்.

“நில்லுங்க!” இது அடுத்த சுற்றில்.

“நின்னா கெளம்பாது! வாரியா, இல்லியா?”

அவள் சொன்ன பதிலை எஞ்சின் தின்றுவிட்டது. “என்னலே சொன்னா?” என்று அண்ணாச்சி என்னைக் கேட்டார். வருகிறேன் என்றாளா, வரமாட்டேன் என்றாளா, எனக்கும் தெரியவில்லை. இன்னொரு சுற்று போனோம். தெருச் சனம் முழுக்க இரண்டு பக்கமும் சப்பரம் பார்க்கிற மாதிரி நின்றது. இந்தமுறை மதினி நடுத்தெருவுக்கே வந்து கையை விரித்து நின்றுவிட்டாள். அண்ணாச்சி பிரேக்கைப் பிடித்தார்.

வண்டி இருமியது. குலுங்கியது. செத்தது.

மதினி ஒரு பக்கம், அண்ணாச்சி ஒரு பக்கம், நடுவில் வண்டி. அவர் உதைத்தார். ஒன்றுமில்லை. உதைத்தார். ஒன்றுமில்லை. கூட்டத்திலிருந்து “காத்து கூடிப்போச்சு” என்று ஒருவர் ஆரம்பித்தார். அண்ணாச்சி உதைப்பதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார். முகமெல்லாம் வியர்வை. அதைத் துடைக்கக்கூட அவருக்குத் தோன்றவில்லை.

“ஓடித்தான் வந்திச்சு,” என்றார் மதினியிடம். “நீ பார்த்தல்லா?”

மதினி கிட்டே வந்து, “வண்டி வாங்குனப்போ வெளக்கினவரு என்ன சொன்னாரு? அவரு சொன்ன மாதிரியே சொல்லுங்க” என்றாள்.

அண்ணாச்சி நெருப்புப் பொறிக்கான இடதுபக்கத்துப் பிடியைத் தொட்டுக்கொண்டு, எஸ்டேட் டிரைவரின் குரலிலேயே ஒப்பித்தார்: “இது பின்னே வலிச்சா மதி.”

“நீங்க என்ன செய்திய?”

“பின்னே வலிச்சுட்டுத்தான் உதைக்கேன். நல்லா கடைசி மட்டும் பின்பக்கமா இழுத்துவிட்டு.”

மதினிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளுடைய சித்தி வீடு செங்கோட்டைக்கு அந்தப் பக்கம், மலையாள எல்லையை ஒட்டிய புளியரையில். பள்ளிக்கூட லீவெல்லாம் அங்கேதான். “பின்னேன்னா மலையாளத்துல பின்பக்கம் இல்ல, ‘பொறவு’ன்னு அர்த்தம்லா! கெளப்பின பொறவு இழுத்தாப் போதும்னு சொல்லியிருக்காரு. நீங்க மொதல்லயே இழுத்துட்டு அதைப் போட்டு மிதிச்சா அது உதைக்காம என்ன செய்யும்?”

அண்ணாச்சி அந்தப் பிடியை முன்னால் தள்ளினார். கிக்கரை ஒரே உதை. வண்டி கிளம்பியது. கிளம்பியதோடு இல்லை, நின்ற இடத்தில் நின்றுகொண்டே, பூனை மாதிரி சாதுவாகச் சத்தம் போட்டது. யாரும் கை தட்டவில்லை. எல்லோருக்கும் ஒரே குழப்பம். மாமனார் மட்டும் அந்த ஆறிப்போன காப்பியைக் கொண்டுவந்து மாப்பிள்ளை கையில் கொடுத்தார்.

சாயங்காலம் மதினி பின்னால் ஏறிக்கொண்டாள். அவளுடைய பெட்டியோடு என்னைப் பஸ்ஸில் ஏற்றிவிட்டார்கள். புளியங்குடி தாண்டி ஆள் ஏற்ற பஸ் நின்றபோது, எதிரே ஒரு புளியமரத்தடியில் அந்தப் பச்சை வண்டி நின்றது. அடடா, மறுபடி செத்துவிட்டதா என்று ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினேன். சாகவில்லை. அண்ணாச்சி உதைத்துக் கிளப்பினார், அணைத்தார். மறுபடி உதைத்துக் கிளப்பினார், மறுபடி அணைத்தார். அப்புறம் மதினி சேலையை இடுப்பில் சொருகிக்கொண்டு, அவர் தோளைப் பிடித்தபடி, தானும் ஒரு உதை உதைத்தாள். கிளம்பிவிட்டது. இரண்டு பேரும் சிரித்த சிரிப்பு பஸ் சத்தத்தில் எனக்குக் கேட்கவில்லை.

“அண்ணாச்சி!” என்று கூப்பிட வாயெடுத்தேன். அப்புறம் தலையை உள்ளே இழுத்துக்கொண்டு, மதினியின் பெட்டி சரியாமல் பிடித்துக்கொண்டேன்.