இடியைத் திட்டிய புஸ்கு

"அழுதுக்கிட்டே பேசும்மா! அழுகைன்னா என்னன்னு தெரியுமா தெரியாதா? உன் உயிருக்கு உயிரான புஸ்கு உன்னை விட்டுட்டுப் போகுது. நீ என்னமோ பால்காரர்கிட்ட நாளைக்குப் பால் வேண்டாம்னு சொல்ற மாதிரி சொல்றே!"

இடி கத்திய கத்தலில் மைக் ஸ்டாண்டே ஆடிப்போனது. அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. ஆனால் டப்பிங் தியேட்டர்களில் எல்லோருக்கும் அவர் இடிதான். திரையில் வந்த பாதி வில்லன்களின் சிரிப்பு அவர் தொண்டையிலிருந்து புறப்பட்டது. கோபமும் அங்கிருந்தே புறப்பட்டது. சிரிப்புக்காவது யாராவது கூப்பிட வேண்டும். கோபம் கூப்பிடாமலே வந்துவிடும்.

இப்போது அவர் புஸ்கு. ஆறு கால், பானை வயிறு, உடம்பெல்லாம் புசுபுசுவென்று முடி. வழி தவறிய ஒரு சிறுமியை முதுகில் ஏற்றிக்கொண்டு மலையும் கடலும் தாண்டி வீட்டில் கொண்டுவந்து சேர்க்கும் கார்ட்டூன் பிராணி. குரலை முதலில் பதிந்துவிட்டு அதற்கேற்றபடி படம் வரைவது இந்த டைரக்டரின் வழக்கம். அதனால் புஸ்குவும் சிறுமியும் எதிரெதிர் மைக்கில் நின்று, பிரியாவிடைக் காட்சியைக் காலையிலிருந்து பேசிக்கொண்டிருந்தார்கள். சாப்பாட்டுக்குப் போய்விட்டு வந்தும் அதே காட்சிதான்.

சிறுமியாகப் பேச வந்த பாப்பாவுக்கு முன்பற்கள் இல்லை. ஸ்டூல் போட்டால்தான் மைக் எட்டியது. "போயிட்டு வா புஸ்கு," என்றாள், வாய்ப்பாடு ஒப்பிக்கும் குரலில்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் டைரக்டர் நெற்றியைத் தேய்த்தார். "ஃபீல் வரலையே... இன்னொரு டேக் போலாம்."

"பாத்தியா? எல்லாம் உன்னாலதான்!" என்று இடி பாப்பாவைப் பார்த்து முழங்கினார்.

பாப்பா ஸ்டூலை விட்டு இறங்கினாள். மூலையில் போய் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து, வாயை இறுக்கி மூடிக்கொண்டாள். கெஞ்சினார்கள், கொஞ்சினார்கள். பிஸ்கட் நீட்டினார்கள். பிஸ்கட்டை வாங்கிக்கொண்டாள், வாயை மட்டும் அதற்குமேல் திறக்கவில்லை.

டைரக்டர் இடியை அறைக்கு வெளியே இழுத்துக்கொண்டு போனார். "சார், சாயங்காலத்துக்குள்ள இந்த சீன் முடிஞ்சாகணும். இல்லேன்னா ஆளை மாத்தச் சொல்லிட்டார் புரொட்யூசர்."

"மாத்துங்க! நான் காலையிலேர்ந்து அதைத்தானே சொல்றேன்? வேற குழந்தையே கிடைக்கலையா உங்களுக்கு?"

"மாத்தப்போறது உங்களை சார்."

இடிக்குச் சுருக்கென்றது. வேறு படமாக இருந்தால் "போங்கய்யா, நீங்களும் உங்க படமும்" என்று செருப்பை மாட்டிக்கொண்டு போயிருப்பார். இதை விட முடியாது. அவர் பேசிய ஒரு படத்தையும் அவர் மகள் பார்த்ததில்லை. டிவியில் அவர் குரல் கேட்டாலே சோபாவுக்குப் பின்னால் போய்விடுவாள். டிவியை அணைத்துவிட்டு அவரே கூப்பிட்டாலும் சோபாவுக்குப் பின்னால்தான். "இந்தத் தடவை அப்பா வில்லன் இல்லடா, புஸ்கு," என்று அவளிடம் சொல்லி வைத்திருந்தார். "பயமா இருக்காதுல்ல?" என்று அவள் திரும்பத் திரும்பக் கேட்டிருந்தாள்.

சவுண்ட் எஞ்சினியரம்மாதான் வழி சொன்னார். "பக்கத்து ரூம்ல ஒரு மைக் இருக்கு சார். நீங்க வெளியே போயிட்டதா சொல்லிடறேன். அங்கேர்ந்து புஸ்கு குரல்ல சமாதானம் பண்ணுங்க, குழந்தைதானே, நிஜப் புஸ்குன்னே நம்பிடும். அவ ஹெட்ஃபோன்ல கேக்கட்டும், மைக்கையும் அவ பக்கத்துல இறக்கி வெச்சுடறேன்."

"இந்தப் பொடிசுக்குப் பயந்து நான் ஒளிஞ்சு நின்னு பேசணுமா? என் தலையெழுத்து!" என்று பல்லைக் கடித்துக்கொண்டே இடி அந்த அறைக்குள் நுழைந்தார். உடைந்த நாற்காலிகள் போட்டு வைக்கும் அறை. காற்றும் இல்லை. முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடிக்க, புஸ்குவின் குரலில் குழைந்தார்.

"பாப்பா... நான் புஸ்கு பேசறேன்."

"புஸ்குவா? நிஜமாவா?"

"நிஜம்மா."

"அந்தக் கத்துற அங்கிள் பக்கத்துல இருக்காரா?"

"இல்ல. ஆனா பாப்பா, அவரு ரொம்ப நல்லவரு. பெரிய திறமைசாலி. அவரு பேசின படமெல்லாம்..."

"ஓ, நீயும் அவர் கட்சியா? உன்கூட டூ."

இடியின் ஹெட்ஃபோனில் மட்டும் கேட்கும்படி டைரக்டர் அலறினார். "சார், காரியத்தைக் கெடுக்கறீங்களே! அவ பக்கம் பேசுங்க. உங்களைத் திட்டுங்க!"

"நானே என்னையா?"

"சீன் வேணுமா வேண்டாமா?"

இடி மென்று விழுங்கினார். "அந்த அங்கிள்... கொஞ்சம் முன்கோபி."

"கொஞ்சமா?"

"ரொம்ப."

"அப்புறம்?"

"அப்புறம்... மண்டைக்கனம்."

ஹெட்ஃபோனில் பாப்பா கிளுக்கென்று சிரித்தாள். எஞ்சினியரம்மாவுக்கும் உற்சாகம் பிறந்துவிட்டது. "ஒரு நாளாவது சொன்ன நேரத்துக்கு வந்ததில்லைன்னு சொல்லுங்க சார். அடுத்தவங்க டீயை எடுத்துக் குடிச்சிடுவார்னும் சேத்துக்குங்க."

"யாரோட டீயை நான் குடிச்சேன்? எவ சொன்னா?" என்று இடி சொந்தக் குரலில் சீறிவிட்டார். மைக்கைப் பொத்துவதற்குள் எல்லாம் போய்விட்டது.

"புஸ்கு! அங்க யாரு கத்தினா?"

"அது... அவரேதான். திரும்பி வந்துட்டாரு."

"அப்ப அவரை ஸாரி சொல்லச் சொல்லு. கேக்கலேன்னா உதை. உனக்குத்தான் ஆறு கால் இருக்கே."

வேறு வழியில்லை. இடி ஒரு முறை இந்தப் பக்கம் திரும்பினார், ஒரு முறை அந்தப் பக்கம்.

"டேய் இடி," என்றது புஸ்கு. "பாப்பாகிட்ட ஸாரி சொல்லு."

"முடியாது," என்றார் இடி. அது நடிப்பில்லை. உண்மையிலேயே அவரால் முடியவில்லை.

"ஏன்டா முடியாது? குழந்தையைப் போட்டு அந்தக் கத்துக் கத்தினியே!"

"தப்பு அவளோடது. அழத் தெரியாதவ எதுக்கு மைக் முன்னால வரணும்? சோறு தண்ணி பாக்காம தொழில் கத்துக்கிட்டவன்டா நான்!"

"கிழிச்சே! ஒரு பிள்ளைகிட்ட தன்மையா ரெண்டு வார்த்தை பேச வருதா உனக்கு?"

"ஏய், மரியாதையாப் பேசு!"

"உனக்கென்னடா மரியாதை? மனுஷனா நீ?"

"நீ மட்டும் மனுஷனா?"

"நான் பிராணிடா! எனக்கே இவ்வளவு இரக்கம் இருக்கு, உனக்கு என்ன கேடு?"

இடி நாற்காலியை எட்டி உதைத்தார். ஏற்கெனவே உடைந்த நாற்காலி, ஒன்றும் ஆகவில்லை. அவர் கால்தான் வலித்தது. கண்ணாடிக்கு அப்பால் டைரக்டர் எஞ்சினியரம்மாவிடம் மெல்லக் கேட்டார். "யாரு ஜெயிக்கறா?"

"புஸ்குதான் சார்."

"சொல்லித் தொலைடா," என்றது புஸ்கு. "ஏன்டா எப்பப் பாத்தாலும் கத்துறே?"

இடி பதிலுக்குக் கத்த வாயைத் திறந்தார். கத்தல் வரவில்லை.

"வேற மாதிரி பேசத் தெரியலடா," என்றார். "வாயைத் திறந்தா வில்லன்தான் வர்றான். தண்ணி குடும்மான்னு கேட்டா என் பொண்ணு பயந்துபோய் டம்ளரைக் கீழே போட்டுடறா. தரையைத் துடைச்சுட்டு என் மூஞ்சியைப் பாக்காமலே ஓடிடறா. நான் அவளைத் திட்டலடா. சத்தியமாத் திட்டல. தண்ணிதான் கேட்டேன்."



"ஸாரி பாப்பா," என்றார். அதை இடி சொன்னாரா புஸ்கு சொன்னதா என்று அவருக்கே தெரியவில்லை.

ஹெட்ஃபோனில் மெல்லிய குரல் வந்தது. "புஸ்கு, இப்ப சீன் பேசலாமா?"

"பேசலாம்டா." மூக்கை உறிஞ்சிக்கொண்டார். "நான்... நான் போகணும் பாப்பா. என்னை மறந்துடாதே."

"போயிட்டு வா புஸ்கு," என்றாள் பாப்பா. சொல்லி முடிப்பதற்குள் குரல் உடைந்து, தேம்பித் தேம்பி அழ ஆரம்பித்துவிட்டாள். டைரக்டர் கட் சொல்ல மறந்துபோனார். எஞ்சினியரம்மா துப்பட்டாவில் கண்ணை ஒற்றிக்கொண்டார். ஒரே டேக்கில் காட்சி முடிந்தது.

இடி வெளியே வந்தபோது முகமெல்லாம் ஈரம். "ஒரு துண்டு வைக்க வக்கில்ல, தியேட்டர் நடத்துறானுங்க!" என்று சட்டைக் கையால் துடைத்துக்கொண்டே நடந்தார். வாசல் பெஞ்சில் பாப்பாவின் அம்மா சாப்பாட்டுப் பையைக் கட்டிக்கொண்டிருந்தார். இடி குனிந்து, தமக்குத் தெரிந்த மிகச் சின்னக் குரலில் பேசினார்.

"அம்மா, ஒரு உதவி. புஸ்கு நான்தான்னு பாப்பாகிட்ட சொல்லிடாதீங்க. பிஞ்சு மனசு, உடைஞ்சிடும். பாவம், நடிக்கத் தெரியாத குழந்தை. ஏதோ என் அனுபவத்தை வெச்சு அவளை அழ வெச்சுட்டேன்."

"அவளையா?" அந்த அம்மாள் பையின் முடிச்சை இறுக்கினார். "மத்தியானம் சாப்பிட வந்தப்பவே சொல்லிட்டாளே சார், 'எனக்கு அழுகை ரெடியாத்தான் இருக்கும்மா, அந்த அங்கிள்தான் டாட்டா சொல்றதையே மிரட்டுற மாதிரி சொல்றாரு, அவரை அழ வெச்சுட்டு வந்துடறேன், நீ பையைக் கட்டி வை'ன்னு."