மூன்றாவது டப்புக்கு ஆமென்

அன்புள்ள அண்ணனுக்கு,

தம்பி எழுதிக்கொள்வது. ஆண்டவர் கிருபையால் இங்கே எல்லாரும் சுகம், தையல் மெஷினும் சுகம். நீயும் அண்ணியும் அப்படியே இருக்க வேண்டும். மரியாதை இதோடு முடிந்தது, இனிமேல் சண்டை.

அம்மாவின் நினைவு ஆராதனைக்கு நீ அனுப்பிய வாழ்க்கைக் குறிப்பை அச்சகத்துக்காரர் பிழை பார்க்கச் சொல்லி என் கடையில் போட்டுவிட்டுப் போனார். ஐந்தாம் வகுப்போடு நின்றவனிடம் பிழை பார்க்கக் கொடுத்தது அவர் பிழை. ஆனாலும் முதல் வரியிலேயே பிடித்துவிட்டேன். "அன்னார் சாந்தமே உருவானவர். யாரையும் கடிந்து ஒரு சொல் சொன்னதில்லை. ஆலயத்தில் அவர் இருப்பதே தெரியாது." யார் அண்ணா இந்த அன்னார்? எந்த வீட்டு அம்மா? தலைமையாசிரியராக இருந்து ஊரார் பிள்ளைகளுக்கெல்லாம் நன்னடத்தைச் சான்றிதழ் எழுதிய கை, அம்மாவுக்கும் ஒன்று எழுதிவிட்டது போல.

நேராக அவள் யாரையும் கடிந்ததில்லைதான். சாயங்கால ஜெபத்தில் எல்லாரையும் முழங்காலில் நிற்க வைத்து, கண்ணை மூடச் சொல்லிவிட்டு, ஆண்டவரிடம் போட்டுக்கொடுப்பாள். "ஆண்டவரே, குழாய் ஒழுகுதுன்னு உம்ம பிள்ளைகிட்ட மூணு நாளா சொல்றேன். அவனுக்குக் காதைக் குடுத்தீரே, கொஞ்சம் அசைவையும் குடும்." கண்ணை மூடியிருப்பவன் என்ன பதில் சொல்வது? ஒரு நாள் மருமகளுக்கு உப்பு அளவாகப் போடும் ஞானம் கேட்டாள். என் வீட்டுக்காரியும் கண்ணைத் திறக்காமலே, "அத்தை, உங்க நாக்குக்கும் சேத்துக் கேளுங்க" என்றாள். அம்மா விடுவாளா? "இப்ப பேசினதையும் கேட்டுக்கிட்டீர் இல்ல ஆண்டவரே, ஆமென்."

ஆலயத்தில் இருப்பதே தெரியாதாம். இதை வாசித்த ஆத்திரத்தில் போதகரின் புது அங்கிக்கு இரண்டு கையையும் ஒரே பக்கம் வைத்துத் தைத்துவிட்டேன். அவர் போட்டுப் பார்க்க வந்து நிற்கிறார். அங்கியை ஒளித்துவிட்டுத் தாளைக் கொடுத்தேன். வாசித்தவர், "தம்பி, இது யாரு, உங்க தூரத்துச் சொந்தமா?" என்றார். மூன்றாவது பெஞ்சில், மின்விசிறிக்கு நேர் கீழே அம்மா உட்கார்ந்து, பிரசங்கம் நாற்பது நிமிடத்தைத் தாண்டினால் மூக்குக்கண்ணாடி வைக்கிற அந்தத் தகரக் கூட்டை டப் என்று மூடுவாளே, அது அவருக்குத் தெரியாதா? இரண்டாவது டப்புக்கு அவர் குரல் இறங்கும். மூன்றாவதுக்கு ஆமென். "இப்ப எங்க நிறுத்துறதுன்னே தெரியல தம்பி. போன வாரம் ஒண்ணேகால் மணி நேரம் பேசிட்டேன். ஒருத்தரும் தடுக்கல" என்று சொல்லி மூக்கை உறிஞ்சினார். அவருக்கு இருக்கிற ஞாபகம், அவள் பெற்ற பிள்ளைக்கு இல்லையா?

நீ வருஷத்துக்கு ஒரு தடவை பெட்டியோடு வருவாய், உன்னிடம் அவள் சாந்தமே உருவாகத்தான் இருந்தாள். கடைசிப் பன்னிரண்டு வருஷமும் அந்தக் குரலோடு குடியிருந்தவன் நான். இப்போது குழாய் ஒழுகுகிறது, கேட்க ஆளில்லை. அவள் குரலையும் பிடுங்கிவிட்டு அந்தத் தாளை ஞாயிற்றுக்கிழமை வாசித்தால், அம்மாவை இரண்டாம் தடவை புதைக்கிறோம் என்றுதான் அர்த்தம். மாற்று. மாற்றாவிட்டால் நடு ஆராதனையில் எழுந்து நானே சொல்வேன். என் குரலும் அவள் கொடுத்ததுதான்.

அண்ணிக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு ஆசீர்வாதம். உனக்கு நல்ல புத்தியும் சமாதானமும் உண்டாகட்டும், முதலில் புத்தி.

இப்படிக்கு,
கோபம் தீராத தம்பி

பின்குறிப்பு: தபால்தலை தேடி, அம்மா அதையெல்லாம் போட்டுவைக்கிற அந்த மூக்குக்கண்ணாடிக் கூட்டைத் திறந்தேன். நாலாக மடித்த ஒரு தாள். அவளுடைய கோணல் எழுத்து. "சாந்தமே உருவானவர்" தொடங்கிக் கடைசி வரி வரை அவளே எழுதியிருக்கிறாள், அன்னார் உட்பட. அடியில் இப்படி: "இன்னொரு பிரதி பெரியவனிடம் இருக்கிறது. ஓர் எழுத்து மாறக் கூடாது. ஆண்டவரே, சின்னவன் இதைப் பார்த்துக் குதிப்பான். அவனைப் பொறுத்துக்கொள்ளும். குழாயை மட்டும் பார்க்கச் சொல்லும்."

அப்படியே அச்சடிக்கச் சொல்லிவிடு அண்ணா. தாளை உள்ளே வைத்துக் கூட்டை மூடினேன். டப் என்றது. போதகருக்குத்தான் மூன்று வேண்டும். எனக்கு ஒன்றே போதும்.