வாய்தா வக்கீல் ஓட்டுக் கேட்ட கதை

கார்த்திகை தீபத்தையே அடுத்த மாதத்துக்குத் தள்ளிவைக்கும் வல்லமை திருவண்ணாமலையில் ஒரே ஒருவருக்குத்தான் உண்டு. இதுவரை யாரும் அந்த விஷயமாக அவரிடம் வக்காலத்து கொடுக்காததால்தான் வருஷா வருஷம் மலைமேல் சரியான நாளில் தீபம் எரிந்துகொண்டிருக்கிறது.

அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் வாசல் பலகையில் பெரிய எழுத்தில் இருக்கிறது. அதை யாரும் படிப்பதில்லை. ஆட்டோக்காரர் முதல் கீரைக்காரம்மா வரை எல்லோருக்கும் அது வாய்தா வக்கீல் வீடு. கருப்புக் கோட்டு மாட்டிய நாளிலிருந்து எந்த வழக்கிலும் வாதாடாமல், தேதி மட்டுமே வாங்கிக்கொண்டு வந்தவர் என்பதால் ஊர் கொடுத்த பட்டம். வாங்கிய பட்டங்களிலேயே அவர் உழைத்துப் பெற்றது அது ஒன்றுதான்.

செங்கம் சாலையிலிருந்து பிரியும் ஒரு தெருவில் அவர் வீடு. மாடியில் நான் குடியிருக்கிறேன். அக்கம்பக்கத்தில் எல்லோரும் ஆசிரமத்துக்கு வரும் வெள்ளைக்காரர்களுக்கு அறை விட்டு நன்றாக இருக்க, இவர் மட்டும் பத்திரிகைக்கு நகைச்சுவை எழுதிப் பிழைக்கும் என்னைப் போய்ப் பிடித்தார். காரணம் கேட்டேன்.

"வெள்ளைக்காரங்க ஒரு தேதி சொன்னா அந்தத் தேதியிலயே காலி பண்ணிடுறாங்க ரைட்டர் சார். நமக்கு அது ஒத்துவராது."

அதற்கு முன் மாடியில் இருந்தவர் ஒரு ஜெர்மன்காரர். தன்னைத் தேடி இந்தியா வந்திருப்பதாக அவர் உருக்கமாகச் சொன்னபோது, வாய்தா வக்கீல் யோசித்துவிட்டுச் சொன்னாராம்: "ஆளு காணலன்னா ஆட்கொணர்வு மனு போட்டுடலாம். ஆனா மனு போடறவரும் காணாமப் போனவரும் ஒரே ஆளா இருக்கறதுதான் கொஞ்சம் இடிக்குது."

என்னையும் மாடியைக் காலி செய்யச் சொல்லாமல் இல்லை. குடிவந்த முதல் வருஷமே, மகள் குடும்பத்தோடு வரப்போவதாகச் சொல்லிப் படியேறி வந்தார்.

"ரைட்டர் சார், மாடி வேணுமே."

நான் விழித்தேன்.

"சரி, பையனுக்குப் பரீட்சை இருக்கும் இல்ல?"

"இருக்குங்க."

"நடுவுல வீடு மாத்தினா படிப்பு கெடும். பரீட்சை முடியட்டும்."

எனக்காக அவரே காரணம் சொல்லி, அவரே வாய்தா கொடுத்துவிட்டு இறங்கிப் போய்விட்டார். பிறகு இதுவே வழக்கமாகிவிட்டது. என் பையன் பரீட்சையெல்லாம் முடித்து வேலைக்கும் போய்விட்டான். மாடி விவகாரம் மட்டும் அவன் பரீட்சைக்காக இன்னும் நிலுவையில் இருக்கிறது.

கோர்ட்டில் அவருக்குப் பெரும் துணை கிரிவலம். "கட்சிக்காரரு பௌர்ணமிக் கூட்டத்துல பஸ் கெடைக்காம நிக்கிறாருங்க யுவர் ஆனர்" என்பார். நீதிபதியும் உள்ளூர் நிலவரம் தெரிந்தவர், தேதி கொடுப்பார். ஒருமுறை அமாவாசை அன்று இதே காரணத்தைச் சொன்னபோது நீதிபதி நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"இன்னைக்கு அமாவாசையாச்சே?"

"ஆமாங்க யுவர் ஆனர். பௌர்ணமிக்குக் கிளம்பினவரு, இன்னும் வந்துக்கிட்டே இருக்காரு."

அன்றைக்கும் தேதி கிடைத்தது.

இப்படிப்பட்டவரிடம் யார் வழக்கு கொடுப்பார்கள் என்று நீங்கள் கேட்கலாம். வழக்கு முடிந்துவிடக் கூடாது என்று அண்ணாமலையாருக்கு வேண்டிக்கொள்கிற ஜனம் இந்த மாவட்டத்தில் ஜாஸ்தி. வழக்கு முடிந்தால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவே வழியில்லாமல் போய்விடும் என்று பயந்த அண்ணன் தம்பிகளே அவரிடம் நிறையப் பேர்.

அவருடைய உயிர் நண்பர் ஒருவர் இருந்தார். அவரும் வக்கீல். ஊர் அவருக்கு வைத்த பெயர் கேவியட். என்னைக் கேட்காமல் எந்த உத்தரவும் போடாதீர்கள் என்று முன்கூட்டியே கோர்ட்டில் மனுப் போட்டு வைப்பதற்குத்தான் கேவியட் என்று பெயர். நண்பர் அதை வாழ்க்கை முறையாகவே வைத்திருந்தார். கல்யாண வீட்டில் தாலி கட்டுவதற்கு முன்பே பந்தியில் கைக்குட்டை போட்டுவிடுவார். பெண் பார்க்கப் போனபோது, "எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்காம வேற எடத்துக்குத் தலையாட்டிடாதீங்க" என்று பெண்ணின் தகப்பனாரிடம் எழுதி வாங்கப் பார்த்தவர்.

ஒருவர் எதையும் தள்ளிப்போடுவார். மற்றவர் எதிலும் முந்திக்கொள்வார். வழக்கறிஞர் சங்க அறையில் இரண்டு பேருக்கும் ஒரே மேஜை, ஒரே டிபன் கேரியர். கட்சிகள் மட்டும் எதிரெதிர். கட்சிகளின் பெயரைச் சொன்னால் இந்தப் பத்திரிகைக்கு வக்கீல் நோட்டீஸ் வரும். அதை அனுப்புகிறவரும் இவர்களில் ஒருவராகவே இருப்பார் என்பதால் விட்டுவிடுகிறேன்.

அந்தச் சங்க அறையில் எல்லாக் கட்சிக்கும் கிளை உண்டு. மாலையில் மேடையேறி ஒருவர் பரம்பரையை ஒருவர் கிழிப்பார்கள். மறுநாள் காலையில் கிழித்தவரே கிழிபட்டவருக்கு டீ சொல்வார். எல்லாவற்றிலும் சண்டை போட்ட அந்த மனிதர்கள் மீறாத வழக்கம் ஒன்று இருந்தது. எதிர்த்தரப்பு வக்கீலுக்கு உடம்பு சரியில்லை, வர முடியவில்லை என்றால், இந்தத் தரப்பு வக்கீலே எழுந்து, "அவருக்காக நான் சொல்றேன், கொஞ்சம் டைம் குடுங்க" என்று கேட்டுவிடுவார். ஆள் இல்லாத நேரத்தில் தீர்ப்பு வாங்குவது மகா கேவலம்.

"அவன் இல்லாதப்ப ஆர்டர் வாங்கறவன் இந்த ரூம்ல டீ குடிக்க லாயக்கில்ல" என்பார் வாய்தா வக்கீல். சட்டத்தில் அவருக்கு மனப்பாடமாகத் தெரிந்த ஒரே பிரிவு அது. எந்தப் புத்தகத்திலும் கிடையாது.

இந்த மனிதருக்கும் ஓர் ஆசை இருந்தது. ஒருமுறையாவது வார்டு கவுன்சிலராக வேண்டும். ஒவ்வொரு தேர்தலுக்கும் சீட்டுக் கேட்பார். ஒவ்வொரு தேர்தலுக்கும் கட்சி, "அடுத்த தடவை பாக்கலாம் வக்கீலே" என்று தோளில் தட்டி அனுப்பும். ஊருக்கெல்லாம் வாய்தா வாங்கித் தந்தவருக்குக் கட்சி வாய்தா கொடுத்துக்கொண்டே இருந்தது. நானும் முதலில் சிரித்தவன்தான். ஒரு தடவை பட்டியலில் பெயர் இல்லாத அன்று, தைத்து வைத்த புது வெள்ளைச் சட்டையை அவர் மறுபடி மடித்து அலமாரியில் வைத்ததைப் பார்த்த பிறகு சிரிப்பு கொஞ்சம் கம்மியாகிவிட்டது.

கடைசியில் ஒருநாள் சீட்டுக் கிடைத்தது. "இதான் கடைசி. தோத்தா இனிமே எனக்கு எவன் குடுப்பான்?" என்று சட்டையை எடுத்து உதறினார். எதிர்க்கட்சி வேட்பாளர் யார் என்பதை நீங்கள் ஊகித்திருப்பீர்கள். இவர் கட்சியின் பட்டியல் வருமுன்பே அவர் மனுத்தாக்கல் செய்து, பந்தியில் கைக்குட்டை போட்டிருந்தார்.

பிரசாரம் தொடங்கியது. பேச்சை எழுதிக் கொடுக்கும் பொறுப்பு எனக்கு. சொந்தப் பெயரில் தோற்றுப் பழகிய எனக்கு இன்னொருவரைத் தோற்கடிக்கக் கிடைத்த வாய்ப்பு. நான் எழுதியதையெல்லாம் அவர் நன்றாகத்தான் படித்தார். எதிராளியைப் பற்றிய இடம் வந்தால் மட்டும் கோர்ட்டுப் பழக்கம் குறுக்கே வந்துவிடும்.

"எனது கற்றறிந்த நண்பர் அவர்கள் இந்த வார்டுக்கு என்ன செய்தார்?"

கூட்டத்தில் ஒரு பெண்மணி பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னது ஆட்டோவில் இருந்த என் காதில் விழுந்தது. "யாரோ படிச்சவராம்டீ. இவுருக்கும் வேண்டப்பட்டவராம். அவுருக்கே போட்டுடலாமா?"

கட்சியின் வட்டச் செயலாளர் தலையில் அடித்துக்கொண்டார். "அண்ணே, அந்தாளத் திட்டுண்ணே!"

"திட்டத்தானேய்யா செஞ்சேன்."

"அது திட்டா? சீர்வரிசை மாதிரி இருக்குதுண்ணே!"

தெருக்குழாயில் தண்ணீர் வரவில்லை என்று ஒருவர் மறித்தபோது, நான் ஜெயித்து வந்து கேட்கிறேன் என்று சொல்ல வேண்டிய இடத்தில், "அவங்க தரப்பையும் கேக்கணும் இல்ல? அதிகாரிக்கு நாலு வாரம் டைம் குடுப்போம்" என்றார். தண்ணீர் இல்லாதவர் குடத்தோடு எங்கள் ஆட்டோவை நெருங்கிய வேகத்தில் அன்றைய பிரசாரம் அத்தோடு நின்றது.

அப்படியும் காற்று இவர் பக்கம்தான் வீசியது. கேவியட் கண்டிப்பான ஆள். இவர் வாய் நிறையப் பேசுவார், யார் வீட்டுச் சாவுக்கும் முதலில் போவார். ஜனம் இவரைத் திட்டிக்கொண்டே ஓட்டுப் போடத் தயாராகத்தான் இருந்தது.

பிரசாரம் ஓயும் நாள் மாலை. எங்கள் தெருமுனையிலேயே கேவியட்டின் கடைசிக் கூட்டம். சின்ன மேடை, நாற்காலிகள், ஒலிபெருக்கி, நல்ல கூட்டம். வேட்பாளரைத்தான் காணோம். கிட்னியில் கல், வலி தாங்காமல் சுருண்டுவிட்டார், ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள் என்று செய்தி வந்தது. அவர் கட்சிக்காரர்கள் மைக்கைப் பிடிக்க ஆளில்லாமல் ஒருவரை ஒருவர் தள்ளிக்கொண்டிருந்தார்கள்.

எங்கள் வட்டச் செயலாளர் துள்ளினார். "அண்ணே, மேடை அம்போன்னு கெடக்குது. கூட்டம் கலையறதுக்குள்ள நாலு வார்த்தை போடுண்ணே. அப்படியே அள்ளிடலாம்!"

வாய்தா வக்கீல் அவரை ஒரு பார்வை பார்த்தார். "அவன் இல்லாதப்பவா?"

ஆட்டோவை விட்டு இறங்கினார். தோளில் இருந்த கட்சித் துண்டை எடுத்து மடித்து என் கையில் கொடுத்தார். எதிர்க்கட்சி மேடையில் ஏறினார். கழுத்தில் இல்லாத வெள்ளைப் பட்டியை விரல்கள் தாமாகவே சரிசெய்தன.

"கனம் வாக்காளர் அவர்களே! எனது கற்றறிந்த நண்பர் உடல்நலக் குறைவால் ஆஜராக முடியாத நிலையில், அவர் சார்பில் நான் ஆஜராகிறேன். கொஞ்சம் கால அவகாசம் வேண்டும்."

சொல்லிவிட்டு, வழக்கம்போல் அடுத்த தேதிக்காகக் காத்து நின்றார்.

தேதி கொடுக்க அங்கே நீதிபதி இல்லை. கூட்டம் அவரையே பார்த்தது. அவர் கூட்டத்தைப் பார்த்தார். முன்வரிசையில் இருந்த கீரைக்காரம்மா பொறுக்க முடியாமல் கேட்டார்.

"சொல்லு வக்கீலே, அப்பறம்?"

அவர் தொழில் வாழ்க்கையிலேயே 'அப்புறம்' என்று அவரை யாரும் கேட்டதில்லை. வேறு வழியில்லாமல் வாதாட ஆரம்பித்தார்.

"மழைக்கு நம்ம தெருவுல முழங்கால் ஆழம் தண்ணி நின்னுச்சே, ஞாபகம் இருக்குதா? நான் என்ன சொன்னேன்? டைம் குடுப்போம்னு சொன்னேன். அவன் என்ன சொன்னான்? ஒரு நாள் கூடக் குடுக்காதேன்னான். அதிகாரி ஆபீஸ் வாசல்ல போயி உக்காந்தது யாரு? நானா?"

"இல்ல!" என்றது கூட்டம்.

"சாயங்காலமே மோட்டார் வந்துச்சா, இல்லையா?"

"வந்துச்சு!"

எதிர்த்தரப்பின் பலமும் தன் தரப்பின் பலவீனமும் ஒருங்கே தெரிந்த வக்கீல் உலகத்தில் வேறு யாருக்கும் கிடைக்க மாட்டார். ஒரே டிபன் கேரியரில் சாப்பிட்டவர் அல்லவா! அடுக்கினார், மடக்கினார், சாட்சிகளைக் கூட்டத்திலிருந்தே எழுப்பினார். வட்டச் செயலாளர் ஆட்டோச் சக்கரத்தின் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டார். கட்சித் துண்டைப் பிடித்துக்கொண்டு நின்ற நான், அதில் முகத்தைத் துடைத்தேனா, கை தட்டினேனா என்று எனக்கே தெரியவில்லை.

அவர் வாதாடிய முதல் வழக்கு. ஜெயித்தார். அதாவது, கேவியட் ஜெயித்தார்.

ஓட்டு எண்ணிக்கை முடிந்து வீட்டுக்கு வந்தவரிடம் அவர் மனைவி காபியை நீட்டியபடி சொன்னார்: "என்னாங்க, கோச்சுக்காதீங்க. நீங்க அன்னைக்கு அவ்ளோ நல்லா பேசினீங்களா, நானும் அவுருக்கே போட்டுட்டேன்."

"சரியான தீர்ப்பு" என்று காபியை வாங்கிக் குடித்தார்.

கட்சி விளக்கம் கேட்டு நோட்டீஸ் அனுப்பியது. பதிலளிக்க நாலு வாரம் அவகாசம் கேட்டார். அது இன்னும் நிலுவையில் இருக்கிறது.

ஆஸ்பத்திரியிலிருந்து நேராக வந்த கேவியட், வாசலிலேயே கத்தினார். "யோவ், என்னைக் கேக்காம எப்படிய்யா எனக்காகப் பேசினே? எவ்ளோ நாளா இதுக்குன்னு காத்திருந்தே! அறிவிருக்குதாய்யா ஒனக்கு?"

"நீ இல்லாதப்ப ஜெயிச்சா, நாளைக்கு எந்த மூஞ்சிய வெச்சிக்கிட்டு ஒங்கூட டீ குடிக்கிறது?"

கேவியட் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். கையில் இருந்த டிபன் கேரியரைத் திறந்தார். எதையும் முந்திக்கொண்டு எடுக்கும் மனிதர், அன்றைக்கு முதல் இட்லியை இவருக்கு வைத்தார்.

இதற்கிடையில் ஊரை ஒட்டிய வேங்கிக்காலில் நான் கட்டிக்கொண்டிருந்த வீடு முடிந்து, கிரகப்பிரவேசமும் ஆகிவிட்டது. போன வாரம் கீழே இறங்கிப் போய் விஷயத்தைச் சொன்னேன்.

"சார், மாடியைக் காலி பண்ணிடலாம்னு இருக்கேன்."

யாருக்கும் எதற்கும் கையில் ஒரு காரணம் வைத்திருப்பவர், வாசலுக்குப் போனார். பலகையில் இருந்த தன் பெயரைத் துண்டால் துடைத்தார்.

"வேங்கிக்கால் போயிட்டா, ஓட்டையும் அங்க மாத்திடுவீங்க இல்ல?" என்றார். "இல்ல, அடுத்த தடவை கண்டிப்பா பாக்கலாம்னு கட்சியில சொல்றாங்க. அதான் கேட்டேன்."

அவர் சார்பில் பேச அங்கே யாரும் இல்லை. நானே ஆஜரானேன்.

"உடனே இல்லைங்க சார். கொஞ்சம் டைம் வேணும். பையனுக்குப் பரீட்சை இருக்கு."

"அவனுக்குத்தான் வேலை கெடைச்சிட்டுதே?"

"அவனுக்குக் கல்யாணம் ஆகி, ஒரு பையன் பொறந்து, அந்தப் பையன் எழுதப்போற பரீட்சை சார்."

அவர் கண்ணாடியைக் கழற்றி, மறுபடி மாட்டிக்கொண்டு, குரலைச் சரிசெய்துகொண்டார்.

"நம்ம தரப்புல ஆட்சேபணை இல்ல."

புது வீட்டுக்கு எப்போது போகிறோம் என்று என் மனைவி தினமும் கேட்கிறாள். வாய்தா வாங்கியிருப்பதாகச் சொல்லி வைத்திருக்கிறேன். அது முடியாமலே இருக்க வேண்டும் என்று அண்ணாமலையாரிடம் நானும் வேண்டிக்கொண்டிருக்கிறேன்.